ஈழத்துப் பறவை நூல்களும் ஓவியங்களும்: ஒரு திறனாய்வு நோக்கு

கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றையே திறனாய்வுக்குரிய பொருள்களாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் வேரூன்றியுள்ளது. அறிவியல் நூல்கள் தகவற் களஞ்சியங்களாக மட்டுமே கருதப்படுகின்றன. அவற்றின் நடை, படம், பெயரீடு, அவை எழுந்த சமூகச் சூழல் ஆகியன ஆராயப்படுவது அரிது. ஆயின், ஒரு நூல் எதனைக் காண்கிறது, எதனைக் காணாது விடுகிறது, யாருடைய பெயரைச் சொல்கிறது, யாருடைய பெயரை மறைக்கிறது என்னும் வினாக்கள் காவியத்துக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பறவை நூலுக்கும் பொருந்துவன.

இலங்கைப் பறவைகளைப் பற்றிய அடிப்படை நூல்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலத்தில் எழுந்தவை. அவை யாவும் மூன்று வகை உழைப்பின் விளைவுகள். பறவையைக் காட்டிலும் வயலிலும் கண்டு பிடித்துத் தருவது முதலாவது. அதனை வரைவது இரண்டாவது. அதற்குப் பெயரிட்டு நூலிலே பதிவது மூன்றாவது. புகழ் பெரும்பாலும் மூன்றாவது உழைப்பையே சென்றடைந்தது. முதலிரண்டு உழைப்பையும் செய்தவருள் இந்நாட்டவர் பலர். அவர்களுக்கு அந்நூல்களிற் கிடைத்த இடம் யாது, உயிருள்ள பறவைக்கு அந்நூல்கள் எவ்வளவு அண்மையில் நின்றன என்னும் இரண்டு அளவுகோல்களைக் கொண்டு அவற்றை மதிப்பிடலாம். இம்மதிப்பீட்டின் பயன் பழைய கணக்கைத் தீர்ப்பதோடு அமையாது. வன்னிப் பெருநிலத்திலே, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்த முரசுமோட்டை போன்றதொரு கமக்காரக் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவனுக்கு அந்நூல்கள் எவ்வகையிற் சொந்தமாகலாம் என்ற வினாவும் இதனுள் அடங்கும்.

ஒல்லாந்தர் காலம்: கையும் பெயரும்

இலங்கைப் பறவை ஓவியத்தின் வரலாறு யோன் கிடியோன் லோட்டன் என்ற ஒல்லாந்தத் தேசாதிபதியோடு தொடங்குகிறது. 1752 முதல் 1757 வரை அவர் இத்தீவின் தேசாதிபதியாயிருந்தார். அரசாங்க அலுவல்களுக்கிடையே பறவைகள், விலங்குகள், செடிகள் ஆகியவற்றை வரைவித்துச் சேர்ப்பதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. அப்படங்களை வரைந்தவர் பீற்றர் கொர்னேலிஸ் டி பெவரே. இலங்கையிலே கலப்பு வமிசத்திற் பிறந்தவரும் நில அளவைத் தொழிலிற் பயிற்சி பெற்றவருமான அவர், லோட்டனின் ஓவியராகப் பணியாற்றினார். வேறெந்த ஐரோப்பிய நூலும் இலங்கைப் பறவைகளை இவ்வளவு துல்லியமாகக் காட்டாத காலத்தில் அவர் அவற்றை வரைந்தார்.

லோட்டன் தாயகம் திரும்பிப் பின்னர் இங்கிலாந்திலே வாழ்ந்த காலத்தில் அப்படங்கள் அங்குள்ள இயற்கையியலாளரின் கைக்கு எட்டின. கப்டன் குக்கின் முதலாவது கடற்பயணத்தில் ஓவியராகச் சென்று 1771 இல் மறைந்த சிட்னி பார்க்கின்சன் அவற்றிற் பலவற்றைப் படியெடுத்தார். தோமஸ் பெனன்ற் 1769 இல் வெளியிட்ட 'இந்திய விலங்கியல்' என்னும் நூலும், பீற்றர் பிறவுண் 1776 இல் வெளியிட்ட 'விலங்கியலின் புதிய படவிளக்கங்கள்' என்னும் நூலும் இச்சேகரிப்பிலிருந்து படங்களைப் பெற்றன. இத்தீவுக்கே உரிய செம்முக மல்கோகா 1769 இல் பெனன்ற்றினால் உலகுக்கு அறிமுகமாயிற்று. பறவையையே காணாத அறிஞர், பறவையைக் கண்டு வரைந்தவரின் படத்தைக் கொண்டு அதனை விவரித்தனர். ஓவியம் ஈண்டு நூலுக்கு அணியாக அமையவில்லை. நூலுக்கு ஆதாரமாகவே அமைந்தது.

ஆயினும் பெயர் யாருடையதாயிற்று? இலின்னேயஸ் 1766 இல் ஒரு தேன்சிட்டுக்கு லோட்டனின் பெயரை வழங்கினார். நீண்டு வளைந்த அலகுடைய அச்சிட்டு இன்றும் ஆங்கிலத்தில் 'லோட்டனின் தேன்சிட்டு' என்றே வழங்குகிறது. முரசுமோட்டையில் ஒரு வீட்டு முற்றத்துச் செம்பருத்தியில் அது வந்து தொங்கினாலும், நூலிலே அது ஒரு தேசாதிபதியின் உடைமையாகவே தோன்றும். டி பெவரேயின் பெயரோ நெடுங்காலம் சேகரிப்பின் பின்னே மறைந்திருந்தது. ஏ. யே. பி. றாட் என்பார் 2010 இல் லோட்டனைப் பற்றி விரிவான வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். தேசாதிபதியைப் பற்றிய அத்தகைய ஆய்வுகளின் வழியாகவே ஓவியரும் ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தார். ஆள்பவனின் வாழ்வு ஆராயப்படும்போது அதன் ஓரத்திலே வரைந்தவனின் வாழ்வும் தெரியவருகிறது என்பது கவனிக்கற்பாலது.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்கப் பறவை ஓவியத்தின் உச்சமாகப் போற்றப்படுவது யோன் யேம்ஸ் ஓடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்'. அதன் 435 படங்களிற் பலவற்றில் பறவை அமர்ந்திருக்கும் கொடியையும் பூவையும் வரைந்தவர் யோசப் மேசன் என்னும் சிறுவர். 1820 இல் ஓடுபனோடு புறப்பட்டபோது அவருக்கு வயது பதின்மூன்று. வெளியான படங்களில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஆகவே, வரைந்தவரை மறைப்பதற்கு இனவேறுபாடு ஒன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. படைப்பைத் தனியொருவரின் சாதனையாகக் காட்டும் நூல் வாணிகமும் அதற்குக் காரணமாயிற்று.

அதே காலப்பகுதியில் வேறொரு வழியும் இருந்தது என்பதற்குக் கல்கத்தா சான்று தருகிறது. 1777 முதல் சில ஆண்டுகள் இம்பே சீமாட்டிக்காகப் பறவைகளை வரைந்த ஷேக் சைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய ஓவியர்களின் பெயர்கள் அப்படங்களிலேயே பாரசீக எழுத்திற் பொறிக்கப்பட்டன. மொகலாய ஓவிய மரபிலே ஓவியனுக்கு இருந்த மதிப்பு ஆங்கிலேயச் சீமாட்டியின் ஏட்டிலும் தொடர்ந்தது. ஒரு மரபு பின்புலமாக நின்றால் ஓவியனின் பெயர் நிலைக்கும். கொழும்பில் டி பெவரேக்கு அத்தகைய மரபெதுவும் துணைநிற்கவில்லை.

முத்துவின் பறவை

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைப் பறவைகளை விரிவாக ஆராய்ந்த முதல்வருள் ஒருவர் எட்கார் லியோபோல்ட் லெயாட். நினிவே நகரை அகழ்ந்த ஒஸ்ரின் ஹென்றி லெயாட்டின் இளைய சகோதரர் அவர். இலங்கையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த அவர், தாம் சேகரித்த பறவைகளைக் கல்கத்தாவிலிருந்த எட்வேட் பிளைத் என்னும் பறவையியலாளருக்கு அனுப்பினார். தமது 'இலங்கைப் பறவையியற் குறிப்புகள்' என்னும் கட்டுரைத் தொடரை 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார்.

அத்தொடரிலே 1854 இல் லெயாட் விவரித்த சிறு பறவையொன்று தமிழ் வாசகரின் தனிக்கவனத்துக்கு உரியது. மங்கிய கபில நிறமுடைய, ஈக்களைப் பறந்து பிடிக்கும் அக்குருவி வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கு அப்பாலுள்ள நாடுகளிலும் முட்டையிட்டு, மாரிகாலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிப்பது. பருத்தித்துறையிலே லெயாட்டின் பணியாளரொருவர் அதனைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெயர் முத்து. லெயாட் தமது சேகரிப்பின் சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறனுமே காரணம் என்பதை ஒப்புக்கொண்டு, அக்குருவிக்கு அவர் பெயரையே சூட்டினார். இன்று அதன் அறிவியற் பெயர் 'மசிக்காப்பா முத்துயி' என்பதாகும். இலத்தீன் இலக்கணப்படி ஆண்பாற் பெயரின் இறுதியில் வரும் இகரம் உடைமைப் பொருளை உணர்த்தும். ஆகவே 'முத்துயி' என்பது 'முத்துவினுடைய' எனப் பொருள்படும்.

ஒரு பணியாளரின் தமிழ்ப் பெயர் இலத்தீன் வேற்றுமையுருபை ஏற்று உலகின் அறிவியற் பட்டியலிலே நிற்பது சிறிய செய்தியன்று. லெயாட்டின் நேர்மைக்கு இது சான்று. எனினும் இங்கும் இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, முத்துவைப் பற்றி லெயாட் தரும் செய்தி ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. முத்து எங்கே பறவையைத் தேடினார், அதன் குரலை எவ்வாறு இனங்கண்டார், அதற்கு அவர் வழங்கிய பெயர் யாது என்பனவே ஆய்வுக்கு உண்மையிற் பயன்படுவன. நூல் அவரது கையை நன்றியோடு நினைத்தது. அவரது அறிவைப் பதியவில்லை. இரண்டாவது, அப்பறவைக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'லெயாட்டின் ஈப்பிடிப்பான்' என்பதாகும். இலத்தீனில் முத்துவுக்கு உரியதாயிருந்த பறவை ஆங்கிலத்தில் அவரது எசமானருக்கு உரியதாயிற்று.

இது தற்செயலாக நிகழ்ந்த தனியொரு சம்பவம் என்று கருதுவதற்கில்லை. இலங்கைக்கே உரிய கிளியொன்றுக்கு 1849 இல் பிளைத் 'கல்த்திறாப்பே' என்னும் சிறப்புப் பெயரை வழங்கினார். அது லெயாட்டின் மனைவியார் திருமணத்துக்கு முன் தாங்கிய குடும்பப் பெயரிலிருந்து வந்தது. அக்கிளியும் ஆங்கிலத்தில் 'லெயாட்டின் கிளி' என்றே வழங்குகிறது. இலத்தீன் ஏட்டிலே மனைவியும் பணியாளரும் தத்தம் பெயரோடு நிற்க, பேச்சு வழக்கிலே இருவர் பெயரும் வீட்டுத் தலைவரின் பெயருக்குள் மறைந்துபோயின. விக்ரோறியா காலத்துக் குடும்ப அமைப்பு முழுவதும் இவ்விரு பறவைகளின் பெயர் வரலாற்றிலே சுருக்கமாகப் பதிந்துள்ளது எனலாம்.

அண்மைக் காலத்தில் இப்பிரச்சினை வட அமெரிக்காவில் வேறு வடிவிற் கிளர்ந்தது. அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்களின் பெயரும் பழங்குடியினர்க்கு எதிராகப் போரிட்டவர்களின் பெயரும் பறவைகளுக்கு ஏன் இருக்கவேண்டும் என்ற கேள்வியை அடுத்து, அமெரிக்கப் பறவையியற் சங்கம் தன் எல்லைக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து மனிதர் பெயர்களை நீக்கப்போவதாக 2023 இல் அறிவித்தது. அறிவியற் பெயர்களை அம்முடிவு தொடவில்லை. இக்கொள்கையை இலங்கைக்குப் பொருத்திப் பார்க்குமிடத்து ஒரு முரண் புலனாகும். 'லெயாட்டின் ஈப்பிடிப்பான்' இன்று பெரும்பாலும் 'கபிலமார்பு ஈப்பிடிப்பான்' என வழங்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எசமானரின் பெயர் நீங்கியது. மக்களுக்கு எட்டாதது எனக் குறைகூறப்படும் இலத்தீனோ பணியாளரின் பெயரைக் காத்து நிற்கிறது. பெயர்களைப் பொதுவிதியொன்றினால் அளந்து நீக்குவதினும் ஒவ்வொரு பெயரின் வரலாற்றையும் ஆராய்ந்து கூறுவதே பயனுடையது என்பதற்கு முத்துவின் பறவை தக்க சான்றாகும்.

லெக்கும் கியூலமன்சும்: தோலிலிருந்து ஓவியம்

லெயாட்டுக்குப் பின் ஹோல்ட்ஸ்வேர்த் 1872 இல் இலங்கைப் பறவைகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1852 இல், இந்நாட்டிற் பிறந்த பறங்கிய மருத்துவரான கெலாட் இலங்கை விலங்குகளைப் பற்றிய முன்னோடி நூலை வெளியிட்டிருந்தார். இம்முயற்சிகளையெல்லாம் தொகுத்து விரிவாக்கிய பெருநூல், படை அதிகாரியாக இங்கு வந்த வின்சன்ற் லெக் 1878 முதல் 1880 வரை இலண்டனில் வெளியிட்ட 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' ஆகும்.

லெக்கின் உரைநடை உறுதியானது. ஒவ்வொரு பறவைக்கும் அளவு, நிறம், பரம்பல், பழக்கம், கூடு என்ற ஒழுங்கிலே செய்திகளைத் தருகிறார். சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் குறிக்கிறார். கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்திக் கூறும் கட்டுப்பாடு அவரிடம் உண்டு. ஆராய்ச்சி உரைநடை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு அந்நூலின் பல பகுதிகளை இன்றும் எடுத்துக்காட்டலாம்.

படங்களின் நிலையோ வேறு. அவற்றை வரைந்தவர் றொற்றடாமிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய யொகனஸ் கியூலமன்ஸ். அக்காலத்திலே தேடப்பட்ட பறவை ஓவியர்களுள் முதன்மையானவர் அவர். கல்லச்சில் அச்சாகிக் கையால் நிறந்தீட்டப்பட்ட அப்படங்களின் இறகுகள் ஒவ்வொன்றும் தெளிவானவை. நிறங்களின் சேர்க்கை நயமானது. ஆயின் அவர் முன்னிருந்தவை உலர்த்திப் பஞ்சடைத்த தோல்களே. பறவை இறந்த சில மணிநேரத்திலே கண்ணின் நிறம் மாறும். காலினதும் அலகினதும் மென்தோலினதும் நிறம் மங்கும். தோலிலே இவை எஞ்சுவதில்லை. களத்திற் குறித்துவைத்த லெக்கின் சொற்களே அந்நிறங்களை ஓவியருக்கு அளித்தன. நிறத்தைச் சொல்லால் அனுப்பலாம். நிற்கும் நிலையையும், தலையைச் சாய்க்கும் பாங்கையும், ஆபத்தை உணர்ந்து ஒடுங்கும் விதத்தையும் அவ்வாறு அனுப்புதல் அரிது. ஆகவேதான் அப்படங்களிற் பல பறவைகள் ஒரே வகை மரக்கிளையில் ஒரே வகை அமைதியோடு அமர்ந்திருக்கின்றன. அவை அழகிய படங்கள். எனினும் அவற்றின் காற்று வன்னிக் காட்டின் காற்றன்று.

ஓடுபனோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். அவரும் பறவைகளைச் சுட்டே வரைந்தார். ஆயின் அப்போதே கொல்லப்பட்ட பறவையைக் கம்பிகளாற் கட்டி, தாம் களத்திற் கண்ட அசைவிலே நிறுத்தி, நிறம் மங்குமுன் தீட்டினார். உயிரளவிலேயே வரைய வேண்டும் என்ற பிடிவாதத்தினால், மிகப் பெரிய தாளைப் பயன்படுத்தியும் பூநாரை அதிலே அடங்காதுபோக, அதன் கழுத்தை நிலம் நோக்கி வளைத்தார். விளைவு சில வேளைகளில் மிகையான நாடகத்தன்மை பெறுகிறது. கியூலமன்ஸ் அத்தவற்றைச் செய்யவில்லை. அத்தவற்றைச் செய்வதற்கு வேண்டிய களவனுபவமும் இலங்கையைப் பொறுத்தவரை அவருக்கு வாய்க்கவில்லை. ஓடுபனின் குறை மிகுதியால் வந்தது. கியூலமன்சின் குறை தொலைவினால் வந்தது.

ஹென்றி: களத்திற் கண்ட பறவை

இத்தொலைவைக் குறைத்தவர் யோர்ச் மொறிசன் றீட் ஹென்றி. 1891 இல் இலங்கையிலே பிறந்த அவர், கொழும்பு நூதனசாலையில் ஓவியராகவும் பின்னர்ப் பூச்சியியற் பகுதியிலும் பணியாற்றினார். 1927 முதல் 1935 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த 'இலங்கைப் பறவைகளின் வண்ணப்படங்கள்' அவரது கைத்திறனைக் காட்டுவது. அதற்கு உரை எழுதியவர், 1925 இல் பறவைக் கைந்நூலொன்றை வெளியிட்ட குடியியற் சேவையாளர் வெயிற். 1955 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி' என்னும் நூலில் ஹென்றியே எழுதினார், ஹென்றியே வரைந்தார்.

கண்டவரே வரைந்து, வரைந்தவரே எழுதியதன் பயன் அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் புலப்படும். லெக்கின் நூல் மேசைமீது விரித்துப் படிக்கற்பாலது; ஹென்றியின் நூல் கையிலே கொண்டு வயல்வரம்பில் நடக்கற்பாலது. பறவை நீரிலே எவ்வாறு நடக்கிறது, எழும்பும்போது எந்த வெண்பட்டை தெரிகிறது, எவ்வாறு கத்துகிறது என்பன போன்ற, பார்ப்பவனுக்கு முதலிற் புலனாகும் அடையாளங்களுக்கே அவர் முதன்மை தருகிறார். சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒவ்வொரு பறவையின் தலைப்பிலும் இடம்பெறுகின்றன. பறவையை உடைமையாகக் கொள்ளும் நோக்கு மாறி, பறவையோடு ஒரே நிலத்தில் வாழும் நோக்கு இந்நூலிலே முன்வருகிறது.

ஆயினும் ஹென்றியின் நூலிலும் தமிழுக்குரிய இடம் தலைப்போடு முடிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர் லகர, ளகர, ழகர வேறுபாட்டையும் னகர, ணகர வேறுபாட்டையும் இழந்து நிற்கிறது. அப்பெயர் எந்த ஊரில் வழங்குவது, ஏன் அவ்வாறு வழங்குவது என்பன பேசப்படவில்லை. பெயர் ஒரு முகவரிச் சீட்டாக மட்டும் ஒட்டப்பட்டுள்ளது. அதனுள் அடங்கிய அறிவு திறக்கப்படவில்லை.

முரசுமோட்டையிலிருந்து நோக்கும்போது

அவ்வறிவு எத்தகையது என்பதை அறிய முரசுமோட்டையின் வயல்களை நோக்கலாம். 'மோட்டை' என்னும் ஈறு சிறு நீர்நிலையைக் குறிப்பது. ஊரின் பெயரிலேயே நீர் உண்டு. வயல்களுக்குப் பாய்வது இரணைமடுக் குளத்து நீர். அக்குளத்துக்கு நீர் தரும் கனகராயன் ஆறு வடக்கே சுண்டிக்குளக் களப்பை அடைகிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட அக்களப்பு, பூநாரைகளுக்கும் கடல்கடந்து வரும் கரைப்பறவைகளுக்கும் பெயர்பெற்றது. ஆகவே நெல்வயற் பறவை, குளத்துப் பறவை, களப்புப் பறவை, காட்டுப் பறவை என்னும் நால்வகையும் ஒரு நாட்பயணத்துக்குள் அடங்கும் நிலம் இது.

கமக்காரனுக்குப் பறவை அழகுப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. உழவுக்குப் பின்னால் வரும் கொக்கு புழுவைத் தின்னும் துணை. கதிர் முற்றும்போது கூட்டமாக இறங்கும் தினைக்குருவி பகை. வெருளி நாட்டுவதும் தகரம் தட்டுவதும் பறவையின் பழக்கத்தை அறிந்தே செய்யப்படுவன. மாரியோடு உள்ளான் வரும். மாரி கழியப் போகும். இவ்வறிவே பெயர்களாக உறைந்துள்ளது. 'ஆட்காட்டி' என்னும் பெயர் ஒரு செயலைச் சொல்கிறது: வயலிலே ஆள் வருவதைத் தன் குரலால் அப்பறவை ஏனைய உயிர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அதே பறவையின் இலத்தீன் சிறப்புப் பெயர் 'இந்தியாவுக்குரியது' என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

இதனினும் தெளிவான சான்று ஆறுமணிக்குருவி. மாரிகாலத்தில் இலங்கைக்கு வரும் பல்வண்ணக் குருவி அது. விடியலிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறுமணியளவில் அது குரல் எழுப்புவதால் தமிழிலே அப்பெயர் பெற்றது. 1766 இல் இலின்னேயஸ் வழங்கிய பெயரோ 'குட்டைவாலுடையது' எனப் பொருள்படும். இரு பெயர்களும் உண்மையே. ஆனால், குட்டைவாலை இறந்த பறவையின் தோலிலும் காணலாம். ஆறுமணிக் குரலை உயிருள்ள பறவையிடம் மட்டுமே கேட்கலாம். கியூலமன்சின் ஓவியத்திலே காணாத உயிர் இத்தமிழ்ப் பெயரிலே உண்டு.

இதனைக் கொண்டு மக்கள் வழக்கே போதுமானது, அறிவியற் பெயரீடு தேவையற்றது என முடிவு செய்தல் தவறாகும். 'உள்ளான்' என்னும் ஒரு சொல்லுக்குள் பல இனக் கரைப்பறவைகள் அடங்கிவிடுகின்றன. 'கொக்கு' என்பதும் அவ்வாறே. கமத்தொழிலுக்கு வேண்டிய இடத்திலே மக்கள் வழக்கு நுட்பமாகப் பிரிக்கும். வேண்டாத இடத்திலே பொதுப்பெயரோடு நின்றுவிடும். ஓர் இனம் அருகி வருகிறதா, பெருகி வருகிறதா என்பதை அறிவதற்கு இனந்தோறும் தனிப்பெயர் இன்றியமையாதது. இருவகைப் பெயரீடும் ஒன்றையொன்று நிறைவு செய்யவேண்டியவை.

தமிழில் இதற்கான முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. பி. எல். சாமி 1976 இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' பழம்பாடல்களின் பறவைகளை விலங்கியல் அறிவோடு இனங்காண முயன்றது. தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன் (1912–1996) கண்டவரும் எழுதியவரும் வரைந்தவரும் தாமேயாகித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 2002 இல் தொகுக்கப்பட்ட அவரது 'மழைக்காலமும் குயிலோசையும்' இயற்கை பற்றிய தமிழ் உரைநடை எவ்வளவு துல்லியமாகவும் இயல்பாகவும் அமையக்கூடும் என்பதைக் காட்டுகிறது. ஆயினும் சாமியின் நூல் ஏட்டிலிருந்து பறவைக்குச் செல்வது. கிருஷ்ணனின் எழுத்து தமிழ்நாட்டுக் காடுகளிலே வேர்கொண்டது. வன்னியின் வயலிலிருந்து ஏட்டுக்குச் செல்லவேண்டிய பாதை வன்னியை அறிந்தவர்களாலேயே அமைக்கப்படவேண்டியது.

அப்பாதை இன்று குறுகி வருகிறது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் நிகழ்ந்த போரிலே முரசுமோட்டை உட்படக் கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் தம் ஊர்களை விட்டகன்று, பின்னர்ப் படிப்படியாக மீளக் குடியேறினர். வயலை மீளத் திருத்தலாம். வாய்க்காலை மீள வெட்டலாம். பேரன் பாட்டனோடு வரம்பிலே நடந்து கேட்டறிந்த பெயர்கள், அந்நடை அறுபட்டபோது எங்கும் பதியப்படவில்லை. முகாமிற் கழிந்த பிள்ளைப்பருவத்துக்கு ஆட்காட்டியும் ஆறுமணிக்குருவியும் அறிமுகமாவதற்கு இடமில்லை. பாடநூலும் இக்குறையை நிரப்பவில்லை.

முடிவாக

வட அமெரிக்காவிலே ஓடுபன் வரைந்த பயணப்புறா, கோடிக்கணக்கில் வானை மறைத்துப் பறந்த இனம். அதன் கடைசிப் பறவை 1914 இல் சின்சினாற்றி விலங்குச்சாலையில் இறந்தது. கரோலைனாக் கிளியும் அவ்வாறே மறைந்தது. அங்கே பறவை அழிந்தது; பெயரும் படமும் ஏட்டிலே எஞ்சின. வன்னியிலே நிகழ்வது இதன் மறுதலை. பறவை ஆண்டுதோறும் வருகிறது. அதன் தமிழ்ப் பெயர் ஏட்டிலேறாமலே மறைகிறது. முன்னதை இழப்பென்று உலகம் அறியும். பின்னது இழப்பென்று அறிவதற்கே ஒரு நூல் வேண்டும்.

டி பெவரேயின் கை, முத்துவின் கண், லெக்கின் ஒழுங்கு, ஹென்றியின் களவனுபவம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்ததே இலங்கைப் பறவையியல். குடியேற்றவாதத்தின் விளைபொருள்கள் எனக் கூறி அந்நூல்களை ஒதுக்குவோர், அவற்றினுள் உறங்கும் நம்மவரின் உழைப்பையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர். அவற்றை வியந்து போற்றுவதோடு அமைவோரோ, முத்துவிடம் லெயாட் கேட்காது விட்ட கேள்விகளைத் தாமும் கேட்காது விடுகின்றனர். முரசுமோட்டையிலும் அதனையொத்த ஊர்களிலும் வயது முதிர்ந்த கமக்காரரும் வேட்டைக்காரரும் மீனவரும் இன்னும் உளர். அவர்கள் எந்தப் பறவைக்கு எந்தப் பெயரை, எக்காரணம் பற்றி வழங்குகின்றனர் என்பதைச் சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரும் ஊரும் குறித்து, தமிழ் எழுத்திலே பதிந்து, அறிவியற் பெயரோடு இணைத்து வைப்பது பெருஞ்செலவு வேண்டாத பணி. தமிழ் பயில்வோரும் விலங்கியல் பயில்வோரும் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒன்றுகூடித் தொடங்கக்கூடியது. அதற்குப் படம் வரையவும் பல்கலைக்கழகத்தில் மாணவர் உளர். அந்நூல் வெளிவரும்போது அதன் முதற்பக்கத்தில் இடம்பெறவேண்டிய பெயர்கள், பறவையைக் காட்டித் தந்தவர்களின் பெயர்களாகும்.